மூன்று மணிக்கே மங்கும் பள்ளத்தாக்கு: புளூ மவுண்டன்ஸில் குளிர்காலக் குழு நடை

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் குளிர்காலமான ஜூன் மாதம் மாலை 4.55 வாக்கில் சூரியன் மறைந்துவிடும். சிட்னிக்கு மேற்கேயுள்ள புளூ மவுண்டன்ஸ் மலையில், செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே ஓடும் ஓடைப் பாதையில் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கும். குளிர்காலத்தில் புஷ்வாக்கிங் எனப்படும் காட்டு நடைக்குக் கிளம்பும் குழுக்கள் குளிருக்கு ஓரளவு தயாராகத்தான் வருகின்றன, நேரத்தைத்தான் கோட்டை விடுகின்றன.

அங்குள்ள பிளாக்ஹீத் ஊருக்கு அருகே இருக்கும் கிராண்ட் கேன்யன் சுற்றுப்பாதையையே எடுத்துக்கொள்வோம். சுமார் 6 கி.மீ. நீட்ஸ் கிளென் வழியாகப் படியிறங்கி, கிரீவ்ஸ் ஓடையை ஒட்டி நடந்து, எவன்ஸ் லுக்அவுட்டுக்கு ஏறி, சாலையோரமாகத் தொடங்கிய இடத்துக்கே திரும்பலாம். வழக்கமாகச் சொல்வது 4 மணி நேரம். எட்டுப் பேர் போனால் 5 மணி நேரம் என்று வையுங்கள். ஒருவர் ஷூ கயிறு கட்ட, ஒருவர் ஜாக்கெட் கழற்ற, ஒருவர் படமெடுக்க என்று ஆளுக்கு மூன்று நிமிடம் நின்றாலே 24 நிமிடம் போய்விடும். மணிக்கொரு முறை எல்லோரும் சேர்ந்து ஐந்து நிமிடம் நின்று இந்த வேலைகளையெல்லாம் முடித்துக்கொள்வது நல்லது.

முடிக்கும் நேரத்தை முதலில் குறியுங்கள்: பிற்பகல் 3. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் காலை 9.30-க்கு நடை தொடங்க வேண்டும். அரை மணி நேரம் கையிருப்பு. இந்தப் பாதையில் செங்குத்தான ஏற்றம் கடைசியில், கால் சோர்ந்த பிறகுதான் வருகிறது. பகல் 1 மணிக்குள் ஏற்றத்தின் அடிக்கு வந்துசேர முடியாது என்று ஓடையில் இறங்கியதும் தெரிந்தால், அங்கேயே திரும்பிவிடுங்கள்.

குழுவில் குறைந்தது நான்கு பேர் வேண்டும்: ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணைக்கு இருக்க, இருவர் உதவி தேடிப் போகலாம். மேல் வரம்பு எட்டு. புளூ மவுண்டன்ஸில் வனாந்தரமாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் பொதுவாக எட்டுக்கு மேல் அனுமதியும் இல்லை. வழிகாட்டி முன்னால், அவருக்கு அடுத்து குழுவிலேயே மெதுவாக நடப்பவர், கடைசியில் பாதை தெரிந்த ஒருவர். மெதுவானவரைக் கடைசியில் விட்டால், அவர் வந்துசேரும்போது மற்றவர்கள் ஓய்வெடுத்து முடித்துக் கிளம்பத் தயாராக இருப்பார்கள். அவருக்கு ஓய்வே கிடைக்காது. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் வந்துசேரும் வரை நின்று, தலைகளை எண்ணுங்கள்.

பிளாக்ஹீத் 1,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. சிட்னியில் 17 டிகிரி இருக்கும் நாளில் அங்கே 10-ஐத் தொட்டால் அதிகம். ஜீன்ஸ், பருத்திச் சட்டை இரண்டும் வேண்டாம். நனைந்தால் காயாது, உடல் சூட்டையும் உறிஞ்சிவிடும். உள்ளே கம்பளி அல்லது பாலியஸ்டரில் தெர்மல் உள்ளுடை, மேலே ஃப்ளீஸ் எனும் கதகதப்பான மேலுடை, பையில் மழை ஜாக்கெட், குல்லா, கையுறை. கிளம்பும்போது கொஞ்சம் நடுங்கினால்தான் சரி. கதகதப்பாகக் கிளம்பினால் பத்தே நிமிடத்தில் வியர்த்து, நிற்கும்போது அந்த ஈரமே குளிராக மாறும். நின்ற உடனே ஃப்ளீஸைப் போடுங்கள். குளிர் தெரிந்த பிறகு போடுவது தாமதம். மாற்றுத் தெர்மல் ஒன்று பிளாஸ்டிக் பையில் காய்ந்தபடி இருக்கட்டும்.

தலையில் மாட்டும் ஹெட்லாம்ப் விளக்கு ஆளுக்கு ஒன்று. செல்போன் விளக்கு அதற்கு ஈடாகாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், வழுக்கும் படியில் அதைப் பிடிக்கவே ஒரு கை போய்விடும். தண்ணீர் ஒன்றரை லிட்டர், மூவருக்கு ஒரு ஃப்ளாஸ்க் சர்க்கரை போட்ட தேநீர். குழுவுக்குப் பொதுவாக ஒரு தார்ப்பாய், அவசரப் போர்வை, முதலுதவிப் பை. அதில் இரண்டு அழுத்தக் கட்டுத்துணிகளாவது இருக்கட்டும்; குளிர்காலத்தில் பாம்பு குறைவுதான், ஆனாலும் வெயிலடிக்கும் பாறையில் படுத்திருக்கும்.

பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது. இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே மீட்புப் பணியினருக்குத் தெரிவிக்கும் பிஎல்பி என்ற அவசரக் கருவியைக் காவல் துறையும் தேசியப் பூங்காத் துறையும் இலவசமாக இரவல் தருகின்றன. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே இயக்க வேண்டும். அதன் ஆன்டெனாவுக்கு வானம் தெரிய வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கவிந்த பாறைக்கு அடியில் வைத்து அழுத்தினால் சமிக்ஞை மேலே போகாமல் போகலாம்.

எப்போதும் பேசிக்கொண்டே வருபவர் திடீரென்று மௌனமானால் கவனியுங்கள். பேச்சு குழறுவது, கால் இடறுவது, ஜிப் போட விரல் வராதது எல்லாம் உடல் வெப்பம் இறங்குவதன் அடையாளம். காற்றுப் படாத இடத்தில், தரையில் எதையாவது விரித்து உட்கார வைத்து, ஈர உடையை மாற்றுங்கள். முழு நினைவோடு விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். கைகாலைத் தேய்க்காதீர்கள், மது கூடவே கூடாது.

மழைக்குப் பின் பாதையை மூடுவது சகஜம். முந்தின நாள் இரவும் கிளம்பும் காலையும் பூங்காத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். பாதை தொடங்கும் இடத்தில் ஷூ துடைக்கும் பிரஷ் இருந்தால் பயன்படுத்துங்கள், ஷூவில் ஒட்டிய மண்ணோடு பரவும் வேரழுகல் நோய் மரங்களைக் கொல்கிறது.

பாதை, ஆட்களின் பெயர்கள், திரும்பும் நேரம் மூன்றையும் வீட்டிலிருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். “இரவு 7 மணிக்குள் தகவல் வராவிட்டால் அவசர எண் 000-க்கு அழை” என்று மணியோடு சொல்லிவையுங்கள். வெளியே வந்ததும் காபிக்கடைக்குப் போகும் முன் அவருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் காபி குடிக்கும் நேரத்தில் தேடும் குழு காட்டுக்குள் இறங்கியிருக்கும்.