ட்ராக் டேக்கு என்ன டயர் போடலாம்? இருங்காட்டுக்கோட்டை வெயில்ல கத்துக்கிட்டது

ட்ராக் டேன்னா நம்ம சொந்த வண்டிய ரேஸ் ட்ராக்ல போட்டி இல்லாம ஓட்டிப் பாக்கற நாள், எனக்கு அது சென்னை பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை ட்ராக். புதுசா ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ட்ராக்ல இறக்கணும்னு ஆசப்படறவங்க பாதிப்பேர் முதல்ல கேக்கறது "செமி ஸ்லிக் போட்டுடலாமா ப்ரோ"ன்னு தான், அதாவது கோடு கம்மியா வச்ச, ரேஸ் டயருக்கு பக்கத்துல வர்ற டயர். வேணாம். முதல் மூணு நாலு ட்ராக் டே வண்டியோட வந்த டயர்லயே ஓட்டுங்க, கைல காசு இருந்தா அத பிரேக் ஃப்ளூயிடுக்கும் பிரேக் பேடுக்கும் போடுங்க. ரோட் டயர் பிடி விடறதுக்கு முன்னாடி கத்தும், கீச்சுன்னு சத்தம் வரும், ஸ்டீயரிங் லேசாகும், நீங்க கால எடுக்கறதுக்கு நேரம் குடுக்கும். செமி ஸ்லிக் அவ்ளோ சத்தம் போடாது, நல்லா பிடிச்சிட்டே இருந்து திடீர்னு விடும், அதுவும் நீங்க இன்னும் அதிக வேகத்துல போய்க்கிட்டிருக்கும்போது.

சரி, இருக்கற டயர் ட்ராக்குக்கு லாயக்கான்னு எப்படி பாக்கறது. சைடுவால்ல, அதான் டயரோட பக்கவாட்டுல, டாட்னு (DOT) போட்டு கடைசில நாலு நம்பர் இருக்கும், 2423ன்னா 2023ஆம் வருஷம் 24ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். அஞ்சு வருஷத்துக்கு மேல ஆனத நான் எடுத்துட்டுப் போக மாட்டேன், பாக்க எவ்ளோ நல்லா இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். பஞ்சர் கடைல ஸ்ட்ரிப் வச்சு அடச்ச டயரா இருந்தா அதுவும் வேணாம். ஸ்பீட் எழுத்தும் பாருங்க, டயர் தாங்கற அதிகபட்ச வேகம் அது, டபிள்யூன்னா மணிக்கு 270 கிலோமீட்டர், ஒய்ன்னா 300.

இன்னொண்ணு, பலபேர் ட்ராக் டேக்குன்னே புத்தம் புது டயர் மாட்டிட்டு வருவாங்க, அது தப்பு கணக்கு. புது ரோட் டயர்ல த்ரெட், அதாவது ரோட்ட தொடற ரப்பர் கட்டைங்க, 7-8 மில்லிமீட்டர் உயரம் இருக்கும், வளைவுல அழுத்தும்போது அந்த ரப்பர் கட்டைங்க சாஞ்சு நெளியும், நெளிஞ்சா சூடாகும், சூடானா ஓரம் பிச்சுக்கிட்டு போகும். பாதி தேஞ்ச டயர் தான் காஞ்ச ட்ராக்ல நல்லா ஓடும். அமெரிக்கால புது டயர்லயே த்ரெட்ட செதுக்கிட்டு ட்ராக்குக்கு கொண்டு போறவங்க கூட உண்டு, நம்ம ஊர்ல கேட்டா கடைக்காரர் நம்மள ஒரு மாதிரி பாப்பாரு. அதுக்காக மொட்டை டயர்ல போகாதீங்க, அதுவும் ஐப்பசி கார்த்திகைல ஒரு மழை அடிச்சா 3.7 கிலோமீட்டர் ட்ராக்கும் தண்ணி, வண்டி படகு மாதிரி மிதக்கும்.

இப்ப வாங்கற விஷயத்துக்கு வரேன். சைடுவால்ல ட்ரெட்வேர்னு ஒரு நம்பர் இருக்கும், கம்மியா இருந்தா மென்மையான ரப்பர், பிடி ஜாஸ்தி, ஆயுசு கம்மி. கம்பெனிக்காரங்களே போட்டுக்கற நம்பர், அதனால ரெண்டு பிராண்ட அத வச்சு நேருக்கு நேர் கம்பேர் பண்ண முடியாது, ஒரு தோராயக் கணக்கு அவ்ளோதான். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் 300, தினமும் ஆபீஸ் போய்ட்டு வருஷத்துல ரெண்டு ட்ராக் டே ஓட்டறவங்களுக்கு அது போதும், தாராளமா போதும். 200ல பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா ஏடி09, ஹேன்கூக் ஆர்எஸ்4 வரும். இதுல ஆர்இ-71 குடும்பம் சீக்கிரம் சூடாகி ரெண்டு மூணு லாப் (ட்ராக்க ஒரு சுத்து சுத்துனா ஒரு லாப்) பிரமாதமா பிடிக்கும், அப்பறம் மூச்சு வாங்கும். ஆர்எஸ்4 அவ்ளோ வேகம் இல்ல, ஆனா நின்னு ஆடும். மதியம் தார் 50 டிகிரிக்கு மேல கொதிக்கற நம்ம ஊர்ல 20 நிமிஷ செஷன் ஓட்டணும்னா நான் ஆர்எஸ்4 மாதிரி டயருக்கு தான் ஓட்டு போடுவேன், ஐரோப்பாக்காரன் குளிருல ஓட்டிட்டு எழுதற ரிவ்யூவ அப்படியே நம்பிடாதீங்க. 100க்கு கிட்ட டோயோ ஆர்888ஆர் மாதிரி ஐட்டம், அது ட்ராக்குக்குன்னே தனி ரிம் செட் வச்சிருக்கறவங்களுக்கு.

இதெல்லாம் நம்ம ஊர்ல கிடைக்குமாங்கறது வேற கதை. 2020 ஜூன்ல இருந்து புது கார் டயர் இறக்குமதிக்கு கட்டுப்பாடு, ஐஎஸ்ஐ முத்திரையும் வேணும், அதனால பேரு பிடிச்சிருக்குன்னு முடிவு பண்ணாம உங்க சைஸ்ல எது ஸ்டாக் இருக்குன்னு கேட்டுட்டு அப்பறம் யோசிங்க. போர்ஷே கேமன் மாதிரி முன்னாடி ஒரு சைஸ் பின்னாடி ஒரு சைஸ் போடற வண்டின்னா நாலும் ஒரே மாடல்ல கிடைக்கணும், முன்பின் மாத்தி போட்டு தேய்மானத்த சமாளிக்கவும் முடியாது. முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு வேற வேற மாடல் கலக்கறது மட்டும் வேண்டவே வேண்டாம்.

காத்து விஷயத்துல தான் நான் முதல் தடவ நல்லா அடி வாங்குனேன். போற வழில ஒரு டயர் கடைல வழக்கம்போல 36 பிஎஸ்ஐ காத்து அடிச்சுட்டு போனேன், நாலு லாப் கழிச்சு பிட்ல வந்து பாத்தா 45. வண்டி ஐஸ்கட்டி மேல ஓடற மாதிரி இருந்துச்சு, நான் என்னமோ என் ஓட்டறதுல கோளாறுன்னு நெனச்சிட்டு இருந்தேன். டயருக்குள்ள 10 டிகிரி சூடு ஏறுனா சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும், அதனால காலைல குளிர்ந்த டயர்ல எவ்ளோங்கறத விட ஓட்டி முடிச்ச சூட்டுல எவ்ளோங்கறது தான் கணக்கு. பல ரோட் கார்ல சூட்டுல 32ல இருந்து 36க்குள்ள நிக்க வச்சா சரியா இருக்கும், வண்டி மேனுவல்ல ட்ராக்குக்குன்னு தனியா போட்டிருந்தா அதயே எடுத்துக்கங்க. 28, 29ல ஆரம்பிச்சு, ஒவ்வொரு செஷன் முடிஞ்ச உடனே அளந்து, நாலுலயும் தனித்தனியா இறக்குங்க, நாலும் ஒரே மாதிரி ஏறாது. கேஜ் சொந்தமா வாங்கி வச்சுக்கங்க.

டயர் ஓரத்துல சைடுவால் வரைக்கும் சாக்பீஸால ஒரு கோடு போட்டுட்டு ஓட்டுங்க, சைடுவால்ல சின்ன முக்கோணக் குறி இருந்தா அதையும் தாண்டி கோடு அழிஞ்சிருந்தா காத்து கம்மி, இல்லன்னா கேம்பர், அதாவது வீலோட மேல்பக்கம் உள்ள சாஞ்சிருக்கற அளவு, பத்தல. ஊசி குத்தி ரப்பர் சூட்ட அளக்கற பைரோமீட்டர் இருந்தா உள்பக்கம், நடு, வெளிப்பக்கம்னு மூணு இடத்துல குத்திப் பாக்கலாம், நடுவுல மட்டும் சூடு ஜாஸ்தின்னா காத்து ஜாஸ்தி. வெளிப்பக்கம் மட்டும் கொதிச்சுதுன்னா எவ்ளோ விலை டயர் வாங்குனாலும் ஓரம் தின்னுட்டு தான் வரும், முதல்ல நெகட்டிவ் கேம்பர் கூட்டி அலைன்மென்ட் பண்ணுங்க.

செமி ஸ்லிக் வாங்கியே தீருவேன்னா புதுசுல முதல் செஷன் மெதுவா சூடேத்தி ஆற விட்டு, முடிஞ்சா ஒரு நாள் சும்மா விட்டுட்டு அப்பறம் அடிச்சு ஓட்டுங்க, அப்பதான் ரப்பர் ரொம்ப நாள் வரும். முழு ஸ்லிக், அதான் கோடே இல்லாத ரேஸ் டயர், பத்தி கேக்கவே கேக்காதீங்க, அந்த பிடிக்கு வளைவுல இன்ஜின் ஆயில் எல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி பம்புக்கு எட்டாம போற வண்டிங்க இருக்கு, டயர் காசுல ஆரம்பிச்சு இன்ஜின் காசுல முடியும்.

சாயங்காலம் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, நெறைய பேர் மறந்துடுவாங்க. நாள் பூரா காத்த இறக்கிக்கிட்டே இருந்திருப்பீங்க, டயர் ஆறுனா 25, 26க்கு வந்து நிக்கும், அப்படியே பெங்களூர் ஹைவேல ஏறிடாதீங்க. சிகரெட் லைட்டர்ல சொருகற சின்ன கம்ப்ரஸர் ஒண்ணு டிக்கில கிடக்கட்டும், டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள நாலு டயரும் பழைய அளவுக்கு வந்துடும்.