ரசனை மாறும்போது செய்யக் கூடாதவை

போன மாதம் சேலம் அம்மாப்பேட்டையில் நாங்கள் சிலர் கூடிப் புத்தகம் பேசும் இடத்துக்கு ஒரு கல்லூரிப் பெண் புதிதாக வந்தாள். "க்ரைம் நாவல் படிக்கறதையே விட்டுட்டேங்க்கா. வீட்ல இருந்ததையும் எடைக்குப் போடப் போறேன்" என்றாள். முகமெல்லாம் பெருமை. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. இரவல் புத்தகத்தைத் திருப்பித் தராதது, பக்கத்தை மடக்கி வைப்பது பற்றியெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

பழைய ருசியைக் கைகழுவுவது

சேலத்தில் குகை என்ற பகுதியில் எங்கள் வீடு தறி வீடு. அம்மா வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, கதை முடிந்ததும் கோணி ஊசியில் பாவு நூல் கோத்துத் தைப்பாள். மேலே காக்கி அட்டை. ஓரம் கொஞ்சம் கோணலாக இருக்கும். பக்கத்தின் பின்புறம் பாதி ஜோக்கும் பல்பொடி விளம்பரமும் வரும். நான் எழுத்துக்கூட்டிப் படித்தது அவற்றில்தான்.

22 வயதில் எனக்கு ரஷ்ய நாவல்கள் அறிமுகமாயின. இரண்டே மாதத்தில், தொடர்கதை படிப்பது மட்டம் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தைத்த கட்டுகளையெல்லாம் பழைய பேப்பர் கடையில் போட்டேன். 11 கிலோ. அம்மா திட்டவில்லை. "படம் போட்ட பக்கத்தையாச்சும் எடுத்து வெச்சிருக்கலாமே கண்ணு" என்றாள், அவ்வளவுதான். மறுநாள் ஓடினேன். லோடு போய்விட்டது.

அந்தப் படங்கள் அச்சுப் புத்தகத்தில் பெரும்பாலும் வராது. கல்கியில் 1950 முதல் 54 வரை பொன்னியின் செல்வன் வந்தபோது மணியம் வரைந்த முகங்களைத்தான் அன்றைய வாசகர்கள் வாரா வாரம் பார்த்தார்கள். அதை விடுங்கள். நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய அன்னா கரேனினாவும் 1875 முதல் 77 வரை ஒரு ரஷ்யப் பத்திரிகையில் தொடராக வந்ததுதான். இது எனக்குத் தெரிய வந்தபோது எவ்வளவோ வருடம் ஆகிவிட்டது. அத்தனை பாத்திரங்களையும் குழப்பமில்லாமல் நினைவில் வைக்கும் பழக்கத்தை எனக்குக் கொடுத்ததே அம்மாவின் கட்டுகள்தான். அதற்கப்புறம் பல வருடம் அம்மா என்னிடம் கதை பேசவே இல்லை. இன்றும் யாராவது "அதெல்லாம் அந்தக் காலத்துல படிச்சது" என்று உதட்டைச் சுழித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

புது ருசி வரட்டும். பழையது அதன்பாட்டுக்கு அலமாரியில் இருக்கட்டும். அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். கட்டிய மூட்டையை அவிழ்த்துவிட்டதாக மறுவாரம் சொன்னாள்.

எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் படிப்பது

குறுந்தொகைப் பாட்டு 4 முதல் 8 அடிதான். அதனாலேயே ஒரே மூச்சில் முப்பது பாட்டைப் புரட்டி, எதுவும் ஒட்டாமல் மூடி வைத்தவள் நான். காலையில் ஒன்று போதும். அடுப்படியில் நிற்கும்போது அது மறுபடி வரும்.

வட்டார வழக்கைக் கண்டு ஓடுவது

கொங்குப் பேச்சு நமக்குப் பழகியது. கி.ராஜநாராயணனின் கரிசல் பேச்சு சேலத்துக்காரருக்கு முதலில் தடுக்கும். சொல்லுக்குச் சொல் அகராதி தேடாமல் பத்துப் பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். காது பிடித்துக்கொள்ளும். அப்புறமும் புரியாத சொல்லுக்கு, கி.ரா.வே தொகுத்த அகராதி இருக்கிறது.

நூறு புத்தகப் பட்டியல்

வேண்டாம்.

நூலகத்தில் ஒரே அலமாரி முன்னால் நிற்பது

கதை அலமாரிக்கு முதுகைக் காட்டி ஒருமுறை நில்லுங்கள். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் சேர்வராயன் மலையைப் பார்த்தே வளர்ந்தவள் நான். 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் அந்த மலைமேல் இருக்கும் ஏற்காட்டில் காப்பிச் செடி வைத்த கதையை, அந்த எதிர் அலமாரியில் இருந்த மாவட்ட வரலாற்றில்தான் படித்தேன். அப்போது எனக்கு வயது 35.