மணலில் வாழும் நுண்ணிய கடல் தட்டைப்புழுவை இனங்காண்பது எப்படி?

கடல் மணற்பருக்கைகளின் இடுக்குகளில் வாழும் தட்டைப்புழுக்களில் பெரும்பாலானவை 2 மில்லிமீட்டர் நீளத்தைத் தாண்டுவதில்லை. இவற்றைப் படிக்கத் தொடங்குபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, புழு உயிரோடு இருக்கும்போதே பாதி வேலையை முடித்துவிட வேண்டும் என்பதாகும். நண்டையும் சிப்பியையும் ஃபார்மலினில் போட்டுவைத்துப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். ஓடோ எலும்போ இல்லாத இந்தப் புழுவோ, ஃபார்மலின் பட்டதும் சுருங்கி, உறுப்பு எதுவும் தெரியாத உருண்டையாகிவிடும்.

முதற்படி, மணலிலிருந்து புழுவைப் பிரிப்பது. படிக மெக்னீசியம் குளோரைடு ஏறத்தாழ 75 கிராமை ஒரு லிட்டர் நன்னீரில் கரைத்தால், கடல்நீருக்கு நிகரான அடர்த்தியுடைய மயக்கக் கரைசல் கிடைக்கும். அதில் மணலை இட்டுப் பத்து நிமிடம் விட்டுவைத்தால், பருக்கைகளை இறுகப் பற்றியிருக்கும் புழுக்கள் பிடியைத் தளர்த்தும். பின்னர் மெல்லச் சுழற்றி, மேல்நீரை மட்டும் 63 மைக்ரான் சல்லடையில் வடித்து, சல்லடையில் தங்கியதை உடனே தூய கடல்நீருக்கு மாற்ற வேண்டும்.

அடுத்து, புழு நீந்துவதைப் பார்த்தபடியே நீளம், நிறம், கண்கள் உள்ளனவா, தலைப்பகுதியில் சமநிலை உறுப்பு மணிபோல மின்னுகிறதா, முன்முனையில் நீட்டி இழுக்கும் துதிக்கை உண்டா என்பனவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். துதிக்கை இருந்தால் கலிப்டோரிங்க் குழு நினைவுக்கு வர வேண்டும். சமநிலை உறுப்பு இருந்தால் சற்று நிதானிக்கவும்: புரோசீரியட் என்னும் தட்டைப்புழுக் குழுவில் பலவற்றுக்கும் அது உண்டு, ஏசீல் புழுக்களுக்கும் உண்டு. முற்காலத்தில் தட்டைப்புழுக்களோடு சேர்க்கப்பட்டிருந்த ஏசீல்கள் இப்போது தனித் தொகுதியாகப் பிரிக்கப்பட்டுவிட்டன.

மூன்றாம் படியில்தான் பொறுமை வேண்டும். ஒரு துளி நீரில் புழுவைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, கவர் ஸ்லிப்பால் மூடி, வடிதாளின் ஓரத்தால் நீரைச் சிறிது சிறிதாக உறிஞ்சுங்கள். புழு நசுங்க நசுங்க உடல் கண்ணாடிபோலத் தெளிந்து, தொண்டை, விந்தகம், மஞ்சள்கருச் சுரப்பி ஆகியவை ஒவ்வொன்றாகத் தெரியவரும். ஒரு சொட்டு கூடுதலாக உறிஞ்சினால் உடல் வெடித்துவிடும். ஆகவே ஒவ்வொரு நிலையிலும் படமெடுத்துக்கொண்டே செல்லுங்கள். என் அனுபவத்தில் படமெடுப்பதைவிடப் பென்சிலால் வரைவதே நல்ல பயிற்சி, ஏனெனில் வரையும் கை, கண் தாண்டிப்போன குழாயையும் கேள்வி கேட்கும்.

பல குழுக்களில் இனத்தை முடிவுசெய்வது ஆண் இனப்பெருக்க உறுப்பிலுள்ள கடினமான ஊசியின் வடிவமாகும். கவர் ஸ்லிப்பின் ஓரத்தில் லாக்டோஃபீனாலை விட்டால் மென்திசு மங்கி, ஊசி மட்டும் தெளிவாக எஞ்சி நிற்கும் (ஃபீனால் தோலைப் பொசுக்கும், கையுறை கட்டாயம்). ஊசியின் நீளத்தை நேர்கோட்டிலும் வளைவின் வழியாகவும் அளந்து, நுனி கூரியதா, சாய்வாக வெட்டியதா, கொக்கி உண்டா என்று எழுதுங்கள். உலகெங்கும் காணப்படுவதாகச் சொல்லப்படும் கைராட்ரிக்ஸ் ஹெர்மஃப்ரோடிட்டஸ் என்னும் தட்டைப்புழுவே ஒன்றையொன்று ஒத்த பல இனங்களின் தொகுப்பு என்பதால், மேலோட்டமான ஒற்றுமையை மட்டும் நம்பிப் பெயரிட வேண்டாம்.

ஒரே இனத்துப் புழுக்கள் பல கிடைத்தால் சிலவற்றைத் திசுச் சீவல்களுக்காகப் பூவான் கரைசல் என்னும் பதப்படுத்தும் திரவத்திலும், சிலவற்றை டி.என்.ஏ. ஆய்வுக்காகத் தூய எத்தனாலிலும் இடலாம்.

புதிய இனம் என்று தோன்றினால், விவரிப்பில் கிடைத்த இடம், ஆழம், மணலின் தன்மை, அளவுகள், நெருங்கிய இனங்களிலிருந்து வேறுபடுத்தும் பண்புகள், பெயர்க் காரணம் ஆகியவை இடம்பெற வேண்டும். பெயரைத் தாங்கும் ஹோலோடைப் மாதிரியைத் தெளிவாகக் குறிப்பிட்டு, அது எந்த அருங்காட்சியகத்தில் வைக்கப்படும் என்றும் எழுத வேண்டும். 1999-க்குப் பின் வெளியாகும் பெயர்களுக்கு விலங்கியல் பெயரிடல் விதிகள் இதைக் கோருகின்றன. கிடைத்தவை எல்லாம் ஊசி உருவாகாத இளம் புழுக்களாக இருந்தாலோ, பேரினத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டு, அதே இடத்து மணலை வேறொரு பருவத்தில் மீண்டும் அள்ளிவருவதே முறை.