சந்தை ஊருக்குப் பக்கத்தில் கேரவனில் தங்குவது எப்படி? முதல் முறை போகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவுக்குள், வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் ஹாஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 அடி உயரம். செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே சந்தை. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அரசரின் அனுமதி பெற்ற சந்தை அது. ஊரைச் சுற்றி மேய்ச்சல் நிலம், சாந்து பூசாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய சுவர்கள், இடையிடையே கேரவன் (சக்கரம் வைத்த சின்ன வீடு) நிறுத்தும் தளங்கள். லண்டன், லெஸ்டர் பக்கமிருந்து இப்படி ஓர் இடத்துக்கு முதல் முறை கிளம்பும் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஹாஸை உதாரணமாக எடுத்துக்கொண்டாலும், முறை எல்லாச் சந்தை ஊருக்கும் பொருந்தும்.

1. முதலில் கிழமை, அப்புறம் இடம்

பலர் தளத்தின் படத்தைப் பார்த்து, வெள்ளி முதல் ஞாயிறு வரை என்று பதிவு செய்துவிடுகிறார்கள். ஹாஸுக்கு அப்படிப் போனால் சந்தையைப் பார்க்கவே முடியாது. திங்கள் மதியம் போய்ச் சேர்ந்து, செவ்வாய் சந்தையில் சுற்றி, புதன் அல்லது வியாழன் கிளம்புவதுதான் என் கணக்கில் சரியான திட்டம். பள்ளி விடுமுறை இல்லாத வார நாட்களில் பல தளங்களில் வாடகையும் குறைவு.

வார நாட்களில் வரவே முடியாதவர்கள் ஊரை மாற்றிக்கொள்ளலாம். இதே வட்டாரத்தில் லேபர்னில் வெள்ளிக்கிழமை சந்தை, ரிச்மண்டில் சனிக்கிழமை, மாஷமில் புதனும் சனியும். தெற்கே பீக் டிஸ்ட்ரிக்டில் உள்ள பேக்வெல்லில் திங்கட்கிழமை. பெரும்பாலான தளங்கள் மார்ச் கடைசி முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். இந்த உயரத்தில் ஜூன் மாதத்து இரவிலும் குளிரும், கம்பளி கட்டாயம்.

2. எந்த வகைத் தளம்?

சொந்தமாக கேரவன் இல்லையென்றால் ஸ்டேடிக் கேரவன் வாடகைக்குக் கிடைக்கும். நிரந்தரமாக ஓரிடத்தில் நிற்கும் வீடு போன்றது. தண்ணீரும் மின்சாரமும் ஏற்கெனவே இணைத்திருக்கும். சின்னக் குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து வரும் குடும்பத்துக்கு முதல் தடவை இதுவே போதும். கீழே வரும் 3, 4, 5-ஆம் படிகள் இவர்களுக்குத் தேவையில்லை.

காரில் கோர்த்து இழுத்து வரும் டூரிங் கேரவனுக்கு இரண்டு வகைத் தளங்கள் உண்டு. ஒன்று, வார்டன் (தளத்தைப் பார்த்துக்கொள்பவர்), குளியலறை, துணி துவைக்கும் இடம் எல்லாம் உள்ள பெரிய தளம். மற்றொன்று, ஐந்து கேரவன்கள் மட்டும் நிற்க அனுமதி உள்ள சின்னத் தளம். பெரும்பாலும் ஒரு விவசாயியின் வயலோரம் இருக்கும். 1907-ல் தொடங்கிய கேரவன் கிளப், 1901-ல் தொடங்கிய கேம்பிங் கிளப் இரண்டுமே தங்கள் உறுப்பினர்களுக்காக இத்தகைய தளங்களின் பட்டியலை வைத்திருக்கின்றன. அங்கே அமைதியும் அதிகம், வாடகையும் குறைவு. ஆனால் சில இடங்களில் ஒரு தண்ணீர்க் குழாயும் கழிவு கொட்டும் இடமும் தவிர வேறெதுவும் இருக்காது. முதல் தடவை வார்டன் உள்ள தளத்துக்கே போங்கள். எதை எங்கே மாட்டுவது என்று கேட்க ஆள் இருப்பது பெரிய உதவி.

பதிவு செய்யும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: தரை புல்லா, ஜல்லி போட்டதா? மின் இணைப்பு எத்தனை ஆம்பியர்? மழை அதிகம் பெய்யும் ஊர் என்பதால் ஜல்லித் தரையே நல்லது. ஈரப் புல்லில் சக்கரம் புதைந்தால் டிராக்டர் வைத்துத்தான் இழுக்க வேண்டும்.

3. இழுத்துப் போவது

கார் ஓட்டும் சாதாரண பிரிட்டிஷ் உரிமம் இருந்தாலே 3,500 கிலோ வரையிலான கேரவனை இழுக்கலாம். 2021 டிசம்பரிலிருந்து இதற்குத் தனித் தேர்வு கிடையாது. ஆனால் உங்கள் கார் எவ்வளவு இழுக்கும் என்பது வேறு விஷயம். அதன் கையேட்டைப் பாருங்கள். கேரவனின் முழு எடை, காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது புதியவர்களுக்குப் பாதுகாப்பு. கனமான சாமான்களை அச்சுக்கு மேலே, தரையோடு ஒட்டி வையுங்கள். பின்பக்கம் பாரம் ஏறினால் வேகத்தில் கேரவன் ஆட ஆரம்பிக்கும்.

மோட்டார்வேயில் (அதிவேக நெடுஞ்சாலையில்) உச்ச வேகம் மணிக்கு 60 மைல், நடுத்தடுப்பு இல்லாத சாலையில் 50. மூன்று அல்லது அதற்கு மேல் வழித்தடங்கள் உள்ள மோட்டார்வேயில் வலது ஓரத் தடத்துக்குப் போகக் கூடாது. காரின் நம்பர் பிளேட்தான் கேரவனின் பின்னாலும் இருக்க வேண்டும்.

ஹாஸுக்கு ஏ684 சாலை. கிழக்கே ஏ1(எம்) மோட்டார்வேயிலிருந்து லேபர்ன் வழியாக வரலாம். வழிகாட்டிக் கருவியில் அஞ்சல் குறியீட்டைப் போட்டு அப்படியே நம்பிவிடாதீர்கள். கிராமப்புறத்தில் ஒரே குறியீடு பல பண்ணைகளுக்கு இருக்கும். கருவி குறுக்கு வழி என்று ஒரு வண்டி மட்டும் போகும் சந்தில் விட்டுவிடும். தளத்தார் எழுதி அனுப்பும் வழியைத் தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்குக்குள் போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். ஹாஸிலிருந்து வடக்கே போகும் பட்டர்டப்ஸ் கணவாய் அழகான சாலை, ஆனால் செங்குத்தானது. கேரவனைத் தளத்தில் விட்டுவிட்டுக் காரில் மட்டும் போங்கள்.

4. நிறுத்துவது

மதியம் 12 அல்லது 1 மணிக்கு முன்னால் பல தளங்களில் உள்ளே விடமாட்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். கேரவனின் எந்த மூலை எந்த முளைக்குச்சியோடு சேர வேண்டும் என்று வார்டன் காட்டுவார், அதை அப்படியே கேளுங்கள். பக்கத்து கேரவனுக்கும் உங்களுக்கும் இடையே 6 மீட்டர் இடைவெளி விடுவது தீப்பாதுகாப்புக்காக.

மட்டம் பார்ப்பதில் வரிசை முக்கியம். முதலில் இடம்-வலம்: தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தைச் சரிவுப் பலகையில் ஏற்றுங்கள். ரசமட்டம் நடுவில் நின்றதும் கைபிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, காரிலிருந்து கழற்றுங்கள். பிறகு முன்-பின்: முன்னால் உள்ள ஜாக்கி சக்கரத்தைச் சுற்றி ஏற்றி இறக்கினால் சரியாகிவிடும். கடைசியாக நான்கு மூலைக் கால்களை இறக்குங்கள். அவை கேரவன் ஆடாமல் பிடிப்பதற்குத்தான். அவற்றால் கேரவனைத் தூக்க முயன்றால் அடிச்சட்டம் வளையும்.

5. கரண்ட், தண்ணீர், கழிவு

நீலநிறச் செருகிகள் உள்ள மின் கேபிளை முதலில் கேரவனில் செருகுங்கள், அதன்பின் தளத்தின் மின்கம்பத்தில். கழற்றும்போது நேர்மாறாக, கம்பத்தில் முதலில். கேபிளைச் சுருட்டி வைத்தபடி பயன்படுத்தினால் சூடேறி உருகும். 25 மீட்டரையும் பிரித்து கேரவனுக்கு அடியில் தளர்வாக விடுங்கள்.

இனி கொஞ்சம் கணக்கு. 10 ஆம்பியர் என்றால் சுமார் 2,300 வாட், 16 ஆம்பியர் என்றால் சுமார் 3,680. வீட்டுக் கெட்டில் ஒன்றே 3,000 வாட் இழுக்கும். 10 ஆம்பியர் தளத்தில் அதைப் போட்டால் கம்பத்திலேயே டிரிப் ஆகிவிடும். 1,000 வாட்டுக்குக் கீழ் உள்ள கேரவன் கெட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். மிக்சியோ சின்ன ரைஸ் குக்கரோ பிரச்சினை இல்லை. ஹீட்டர் ஓடும்போது எல்லாவற்றையும் ஒன்றாகப் போடாதீர்கள். இன்டக்‌ஷன் அடுப்பை வீட்டிலேயே விடுங்கள், கேரவனில் கேஸ் அடுப்பு இருக்கிறது.

தண்ணீரை உருட்டிக்கொண்டு வரும் 40 லிட்டர் பீப்பாயில் பிடித்து, கேரவனின் பம்பை அதில் போட வேண்டும். நால்வர் உள்ள குடும்பம் உள்ளேயே குளித்தால் ஒரே நாளில் காலியாகும். தளத்துக் குளியலறையைப் பயன்படுத்தினால் நிதானமாக வரும். பாத்திரம் கழுவிய நீர் வேறொரு தொட்டியில் சேரும்.

கழிப்பறைக் கழிவு கேசட் என்ற பெட்டியில் சேரும். நிரம்புவதற்குள், ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை, அதற்கென உள்ள இடத்தில் மட்டும் கொட்டுங்கள். ஊற்றும்போது காற்று விடும் பொத்தானை அழுத்திக்கொண்டால் தெறிக்காது. அலசி, கழிப்பறை மருந்தும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு மாட்டுங்கள். செப்டிக் தொட்டி உள்ள பண்ணைத் தளங்களில் நீல மருந்துக்குப் பதில் பச்சை மருந்து கேட்பார்கள். கேசட் அலசும் இடத்தில் உள்ள குழாயில் குடிநீர் பிடிக்கவே கூடாது. குழந்தைகளுக்கு இதை முதல் நாளே காட்டிச் சொல்லிவிடுங்கள்.

6. சமையல்

சிலிண்டரில் பியூட்டேன், புரொப்பேன் என இரண்டு உண்டு. பூஜ்ய டிகிரியை நெருங்கும் குளிரில் பியூட்டேன் ஆவியாகாமல் அடுப்பு அணையும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் புரொப்பேன் கொண்டுபோங்கள். தாளிக்கும்போது கூரை ஜன்னலைத் திறந்து வையுங்கள். கரி அடுப்பை எந்தக் குளிரிலும் கேரவனுக்குள்ளோ துணிப் பந்தலுக்குள்ளோ கொண்டுவர வேண்டாம். அணைந்த கரியும் கார்பன் மோனாக்சைடு விடும், அதற்கு மணமே கிடையாது. அதைக் கண்டறியும் அலாரம் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன் அழுத்திப் பாருங்கள்.

அரிசி, பருப்பு, பொடி வகைகள் மட்டும் வீட்டிலிருந்து போதும். காய்கறி, முட்டை, ரொட்டி, பால் எல்லாம் சந்தை ஊரில் வாங்குங்கள். நகரத்து சூப்பர் மார்க்கெட்டிலிருந்து நான்கு நாள் சாமானை ஏற்றினால் பாரமும் கூடும், அந்த ஊருக்கு நாம் போனதில் அங்குள்ள கடைக்காரருக்கு ஒன்றும் கிடைக்காது.

7. சந்தை நாள்

காலையிலேயே போங்கள். பிற்பகலில் கடைகளை மடக்க ஆரம்பித்துவிடுவார்கள். சில்லறையும் துணிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். தளம் ஒன்றிரண்டு மைலுக்குள் இருந்தால் நடப்பதே மேல்.

வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டியை வாங்காமல் திரும்பாதீர்கள். உதிரும் தன்மை, லேசான புளிப்பு, கூடவே பழக் கேக்கை வைத்துச் சாப்பிடுவது யார்க்‌ஷயர் வழக்கம். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் சைவ ரென்னட்டில் (பாலைத் திரிய வைக்கும் பொருள்) செய்ததா என்று கேட்டு வாங்கலாம். 1897-ல் தொடங்கிய ஹாஸ் பாலாடைக்கட்டி ஆலை 1992-ல் மூடப்பட்டது. முன்னாள் மேலாளர்கள் முன்வந்து அதை வாங்கி, சில மாதங்களில் மறுபடி ஓட வைத்தார்கள். இன்று அந்தப் பள்ளத்தாக்கில் பலருக்கு வேலை கொடுப்பது அதுதான். ஊரில் ஆட்டு ஏலக் கூடமும் உண்டு. இலையுதிர் காலத்தில் ஸ்வேல்டேல் இனச் செம்மறிக் கிடாக்கள் ஏலத்துக்கு வரும் நாட்களில் சாலை முழுக்க டிரெய்லர்கள். அப்போது போகிறவர்கள் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியத்துக்கு மேல் வயல்கள் வழியாக ஹார்ட்ராவுக்கு நடக்கலாம். அங்கே சுமார் 100 அடி உயரத்திலிருந்து ஒரே தாவலில் விழும் அருவி இருக்கிறது, பார்க்கக் கட்டணம் உண்டு. நடைபாதையை மஞ்சள் அம்புக்குறி காட்டும். வழியில் வரும் கதவுகள் திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடியபடியே விடுங்கள். கல் சுவரில் ஏறாதீர்கள். சரிந்த சுவரைக் கையாலேயே மறுபடி அடுக்க வேண்டும். ஏப்ரல், மே ஆடுகள் குட்டி போடும் காலம், நாய் இருந்தால் கயிற்றிலேயே இருக்கட்டும்.

8. கிளம்பும் நாள்

தண்ணீர், கழிவு இரண்டையும் காலி செய்யுங்கள். கூரை ஜன்னல், அலமாரிகள், குளிர்பெட்டிக் கதவு எல்லாம் பூட்டியிருக்க வேண்டும். மின் கேபிளைக் கழற்றுங்கள், மூலைக் கால்களை ஏற்றுங்கள், காரில் கோர்த்து அறுபடு கம்பியையும் (கேரவன் கழன்றால் அதன் பிரேக்கைப் போடுவது) விளக்குக் கேபிளையும் மாட்டுங்கள். ஒருவர் பின்னால் நின்று பிரேக், இண்டிகேட்டர் விளக்குகளைப் பார்த்துச் சொல்லட்டும். அதன்பின் கைபிரேக்கை எடுத்து, ஜாக்கி சக்கரம் முழுக்க மேலே ஏறியிருக்கிறதா என்று பார்த்து, இரண்டு கார் நீளம் மட்டும் முன்னே நகர்த்தி நிறுத்துங்கள். இறங்கிப் போய்ப் பழைய இடத்தில் முளை, முட்டுக்கட்டை, சரிவுப் பலகை ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொண்டு, வார்டனிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.