கிற்றாரின் கழுத்தில் கை வைக்க முதல்

"அண்ணை, சத்தம் அடைச்சுப்போச்சு, ட்ரஸ் றொட்டைத் திருப்பிவிடுங்கோ" என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் தந்தியைத்தான் பார்ப்பேன். ட்ரஸ் றொட் என்பது கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பி, அதற்குப் பிறகு வருவோம். விரல் நுனியால் தந்தியின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். விரலில் கறுப்போ துருவோ ஒட்டினால் பாதிக் காரணம் அங்கேயே இருக்கிறது. உப்புக் காற்றும் வியர்வையும் உருக்குத் தந்தியைச் சீக்கிரம் அரித்துவிடும். குருநகர், பாசையூர்ப் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து வையுங்கள். ஒன்று அறுந்தால் அதை மட்டும் மாற்றுவதும் சரியில்லை. புதியது கணீரென்று கேட்கும், மற்ற ஐந்தும் மந்தமாகக் கிடக்கும்.

எனக்கு மிகவும் மனம் நோகிற தவறு, நைலோன் தந்திக்கென்று செய்த கிளாசிக்கல் கிற்றாரில் உருக்குத் தந்தி பூட்டுவது. நைலோன் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுப்பது ஏறக்குறைய 40 கிலோ. வழக்கமான உருக்குத் தந்திகளோ 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிறிட்ஜ், மேற்பலகையில் வெறும் பசையில்தான் ஒட்டியிருக்கிறது. எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் அப்படிப் பூட்டிய கிற்றாரில், பிறிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் ஒரு கடதாசித் துண்டை வைத்தேன். தடையில்லாமல் உள்ளே போய்விட்டது. இந்த நிலையில் தந்தியை உடனே தளர்த்திவிட்டு, பழகிய கையிடம் ஒட்டக் கொடுக்கவேண்டும்.

சுருதி நிற்கவில்லையா? முறுக்காணியில் தந்தி இரண்டு, மூன்று சுற்றுக்கு மேல் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். சுருதி கூட்டும்போது தாழ்விலிருந்து மேலே வந்து நிறுத்துங்கள். சுருதி 'டிக்' என்று தாவினால், தந்தி நட்டில், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் பதிந்து போகும் துண்டில், சிக்குகிறது. அதன் பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்தால் போதும்.

இதெல்லாம் சரியென்றால்தான் ட்ரஸ் றொட். அது கழுத்தின் வளைவைச் சரிசெய்ய இருப்பது, தந்தியின் உயரத்தைக் குறைக்க அல்ல. பிறெற் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி. தடித்த தந்தியை முதலாம் பிறெற்றிலும் பதினான்காம் பிறெற்றிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவதன் மேல் ஒரு விசிட்டிங் காட் தடிப்பளவு, சுமார் 0.25 மில்லிமீற்றர், இடைவெளி இருந்தால் றொட்டைத் தொடவே வேண்டாம். திருப்பியே ஆகவேண்டுமென்றால் ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும். அப்புறம் சுருதி கூட்டித் திரும்ப அளந்து பாருங்கள்.

விரற்பலகைக்குத் தேங்காயெண்ணெய் பூசவேண்டாம். அது காறிப் பிசுபிசுத்து அழுக்கைப் பிடித்து வைக்கும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள்ளும் கிற்றாரை விடாதீர்கள், பசை இளகிவிடும்.

தந்தியின் உயரத்தைப் பொறுத்தவரை, பன்னிரண்டாம் பிறெற்றுக்கு மேலே தடித்த தந்தி சுமார் 2.5 மில்லிமீற்றரும் மெல்லியது 2 மில்லிமீற்றரும் இருந்தால் உருக்குத் தந்திக் கிற்றாருக்கு நல்லது. கூட இருந்தால், பிறிட்ஜில் தந்திகளைத் தாங்கி நிற்கும் சாடிலின் அடியைத் தேய்ப்போம். 1 மில்லிமீற்றர் தேய்த்தால் பன்னிரண்டாம் பிறெற்றில் அரை மில்லிமீற்றர் இறங்கும். ஆனால் இதை ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் செய்யாதீர்கள். அப்போது மேற்பலகை ஈரத்தை உறிஞ்சிப் புடைப்பதால்தான் தந்தி உயர்ந்து நிற்கிறது. கிற்றாரைப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொதிகளோடு மூடி வைத்து, மழை விட்டபிறகு மாசியில் அளந்து பாருங்கள். மாரியில் தேய்த்த சாடில் பங்குனி வெயிலில் பலகை இறங்கும்போது பதிந்துபோய், தந்தி பிறெற்றில் பட்டு இரையத் தொடங்கும். பிறகு புதுச் சாடில்தான் போடவேண்டிவரும்.