லண்டன் பழைய வீட்டுல வைஃபை வரலையா? ரூம் எடுக்கறதுக்கு முன்னாடி இத படிங்க

ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கம் புதுசா வந்து எறங்கறவங்க முதல் வாரத்துல கேக்கற கேள்வி ரெண்டே ரெண்டுதான், இட்லி அரிசி எங்க கிடைக்கும், என் ரூம்ல மட்டும் ஏன் வைஃபை வரல. அரிசிக்கு ஹை ஸ்ட்ரீட் நார்த்ல ஒரு நடை நடந்தா போதும். வைஃபைக்குதான் கொஞ்சம் கதை இருக்கு.

இந்த ஏரியாவுல வரிசையா ஒட்டி ஒட்டி நிக்கற வீடுங்க பெரும்பாலும் நூறு வருஷத்துக்கு மேல பழசு, விக்டோரியா ராணி காலம் இல்லன்னா அதுக்கு கொஞ்சம் பின்னாடி கட்டினது. வெளிச்சுவர் 9 இன்ச் திடமான செங்கல். சரி வெளிச்சுவர்தானே, நமக்கென்னன்னு நினைப்பீங்க, ஆனா பின்னாடி கிச்சனையோ ஒரு ரூமையோ இழுத்துக் கட்டியிருப்பாங்க பாருங்க, அப்போ பழைய வெளிச்சுவர் இப்போ வீட்டுக்கு நடுவுல வந்து நிக்கும். கிச்சன்ல ஃபோன்ல வீடியோ வராம சுத்திக்கிட்டே இருக்கறதுக்கு பாதி காரணம் அதுதான். இன்னொரு வில்லன், முன் ரூம்ல பக்கத்து வீட்டுச் சுவரோட ஒட்டி புடைச்சுக்கிட்டு நிக்கற புகைபோக்கி. அடுப்ப மூடி பெயிண்ட் அடிச்சு டிவி மாட்டியிருப்பாங்க, ஆனா உள்ள செங்கல் அப்படியே இருக்கும், அகலமே நாலஞ்சு அடி வரும். அதுக்குப் பக்கத்துல இருக்கற பொந்துலதான் எல்லாரும் ரவுட்டர சொருகி வைப்பாங்க, அங்கேருந்து பின் ரூமுக்கு போற சிக்னல் அந்த நாலு அடி செங்கல நீளவாக்குல துளைச்சுக்கிட்டு போகணும். எப்படி போகும்?

மேல கூரைக்கு அடியில இருக்கற லாஃப்ட் ரூம் எடுக்கறவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. குளிருக்காக கூரைக்கு உள்பக்கம் வெள்ளி கலர் ஃபாயில் ஒட்டின போர்டு அடிச்சிருப்பாங்க. சாப்பாட்ட ஃபாயில்ல சுத்தின மாதிரிதான், மொபைல் சிக்னல் வெளிய இருந்து உள்ள வரவே திணறும், அப்போ வைஃபைய நம்பித்தான் இருக்கணும். ரூம் பார்க்க போகும்போதே லேண்ட்லார்ட் கிட்ட பாஸ்வேர்ட் வாங்கி, கதவ சாத்திட்டு, கட்டில் போடற மூலைல நின்னு ஊருக்கு ஒரு வீடியோ கால் போட்டு பாருங்க. வெக்கப்படாதீங்க, மாசா மாசம் வாடகை கட்டப்போறது நீங்க.

நான் பண்ண தப்ப சொல்றேன். முதல் குளிர்காலம், அம்மா முகம் கட்டம் கட்டமா வருது, நானும் ஜாக்கெட்ட போட்டுக்கிட்டு மாடிப்படில உக்காந்து பேசிக்கிட்டு இருக்கேன், கோவத்துல பெரிய ஸ்பீடு பேக்கேஜுக்கு மாறி 24 மாசத்துக்கு கையெழுத்து போட்டுட்டேன். ரவுட்டர் பக்கத்துல நின்னா ராக்கெட், ரூமுக்குள்ள அதே மாட்டுவண்டி. ஏன்னா கோளாறு லைன்ல இல்ல, சுவத்துல. அதனால எதுக்கும் காசு செலவழிக்கறதுக்கு முன்னாடி ரவுட்டர் பக்கத்துல நின்னு ஒரு ஸ்பீடு டெஸ்ட், ரூம்ல ஒண்ணு. அங்க நல்லா வந்து இங்க செத்துப்போச்சுன்னா பேக்கேஜ் மாத்தி பிரயோஜனமே இல்ல.

முதல்ல பண்ண வேண்டியது ஓசி வேலை. வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசைல வரும், ரவுட்டர் செட்டிங்ல ரெண்டும் தனித்தனி பேர்ல தெரியற மாதிரி பிரிச்சுட்டு, தூர ரூம்ல 2.4ஐ பிடிச்சு பாருங்க. ஸ்பீடு கம்மிதான், ஆனா சுவத்த தாண்டறதுல அதுதான் கெட்டி, வீடியோ காலுக்கு தாராளமா போதும். ஒட்டி ஒட்டி வீடு இருக்கறதால பக்கத்து வீட்டு வைஃபையெல்லாம் அதே 2.4ல வந்து முட்டும், சேனல் 1, 6, 11 மூணுல எது காலியோ அதுல வைங்க.

அடுத்தது ரவுட்டர நகத்தறது. நிறைய பேருக்கு இது தெரியல, வீட்டுக்கு ஃபைபர் நேரா வந்திருந்தா சுவத்துல ஒரு சின்ன வெள்ளை டப்பா இருக்கும், அதுலருந்து ரவுட்டருக்கு வர்றது சாதா நெட்வொர்க் கேபிள்தான். 10 மீட்டர் கேபிள் ஒண்ணு வாங்கி மாட்டினா ரவுட்டர் டப்பாவுக்கு பக்கத்துலயே கிடக்கணும்னு கட்டாயமே இல்ல. நான் பொந்துலருந்து எடுத்து மாடிப்படி கிட்ட ஷூ ராக் மேல வச்சேன், அவ்வளவுதான், மேல பின் ரூம் வரைக்கும் வந்துச்சு. படிக்கட்டு இந்த வீடுங்கள்ல செங்கல் குறுக்க வராத நல்ல வழி, கீழ தாளிச்சா வாசனை எந்த வழியா மேல வருதோ சிக்னலும் அந்த வழியா சுலபமா வரும்.

அப்பவும் பத்தலன்னா மெஷ் செட் வாங்கலாம், அதாவது ரெண்டு மூணு டப்பாவ அங்கங்க வச்சு வீடு முழுக்க ஒரே வைஃபைய பரப்பற செட்டு, ஆனா சிக்னல் வராத ரூமுக்குள்ளயே கொண்டுபோய் ரெண்டாவது டப்பாவ வச்சுட்டு வேலை செய்யலன்னு சொல்லாதீங்க. அதுக்கே சோறு இல்ல, அது எப்படி உங்களுக்கு போடும். பாதி வழில, படிக்கட்டு திரும்பற இடத்துல வைங்க. முடிஞ்சா ரெண்டு டப்பாவுக்கும் நடுவுல கேபிள் போட்டுடுங்க, தட்டையா ஒரு கேபிள் விக்குது, கார்பெட் ஓரத்துல அமுக்கி விட்டா வெளிய தெரியாது. அதுக்கு ஈடா ஒண்ணும் கிடையாது. கரண்ட் வயர் வழியா நெட் அனுப்பற பவர்லைன் அடாப்டரும் இருக்கு, வயரிங் பழசா இருந்தா ஜாதகம்தான், எக்ஸ்டென்ஷன் போர்டுல மாட்டாம நேரா சுவர் பிளக்ல மாட்டி பாருங்க.

சுவத்துல ஓட்டை போடறதா இருந்தா லேண்ட்லார்ட் கிட்ட மெசேஜ்லயாவது சம்மதம் எழுத்துல வாங்கிக்கோங்க, அஞ்சு வார வாடகை வரைக்கும் டெபாசிட்டா குடுத்திருப்பீங்க, அதுல கை வைப்பாங்க. அப்புறம் ஃபோன்ல வைஃபை காலிங் ஆன் பண்ணுங்க, மொபைல் சிக்னல் இல்லன்னாலும் வைஃபை வழியா கால் வரும், ஜிபில (நம்ம ஏரியா குடும்ப டாக்டர் கிளினிக்) இருந்து டாக்டர் திருப்பி கூப்பிடறப்போ சிக்னல் இல்லாம மிஸ் பண்ணா மறுபடி காலைல எட்டு மணிக்கு லைன்ல தொங்க வேண்டி வரலாம்.

மெஷ் வாங்கறவங்க ஆன்லைன்ல வாங்குங்க. பொருள் கைக்கு வந்து 14 நாளைக்குள்ள வேணாம்னு சொல்ற உரிமை சட்டப்படியே இருக்கு, மாட்டி பாத்துட்டு சரிவரலன்னா திருப்பி அனுப்பிடலாம், ஆனா கடைல எடுத்துப் பாக்கற அளவுக்கு மேல உபயோகிச்சா பணத்துல கொஞ்சம் புடிச்சுக்கலாம், டப்பாவ மட்டும் கிழிச்சு குப்பைல போட்டுடாதீங்க.