புது வீட்டைத் தள்ளிப்போட்டாச்சா? பழைய வீட்டில் எதற்குச் செலவு செய்யலாம், எதற்குக் கூடாது

புது வீடு இன்னும் ஐந்து வருடம் கழித்துத்தான் என்று முடிவாகிவிட்டது. அதுவரை எண்பதுகளில் கட்டிய, செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் உள்ள வீட்டில்தான் வாசம். பழுதுபார்க்கும் செலவை வாடகையாக நினைத்துக் கணக்குப் போடுங்கள். 4 லட்சம் செலவழித்து 60 மாதம் இருந்தால் மாதம் 6,667 ரூபாய். அதே தெருவில் அதே அளவு வீட்டுக்கு 12,000 வாடகை என்றால் தாராளமாகச் செய்யலாம். செலவு வாடகையைத் தாண்டினால் அந்தக் காசைப் புது வீட்டுக்கு ஒதுக்கிவிட்டு வாடகைக்குப் போவதே மேல்.

எஸ்டிமேட் வாங்குவதற்கு முன் ஏணி போட்டு, சின்னச் சுத்தியலால் சீலிங்கை அடிக்கு அடி தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் நல்ல கான்கிரீட். 'பொத்' என்றால் பெரும்பாலும் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, காரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. பொத்தென்ற இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் சரிசெய்யலாம். அறை முழுக்க வட்டமாக இருந்தாலோ, பீமின் அடியில் கம்பியை ஒட்டி நீளவாக்கில் விரிசல் ஓடினாலோ பொறியாளர் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். அந்த வீட்டில் தள்ளிப்போடக் கூடாதது புது வீடுதான்.

பெயர்ந்த இடத்தில் சிமெண்டை அப்பி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிடுவது கொத்தனார்கள் பலரின் வழக்கம். உள்ளே துரு தொடர்வதால் இரண்டு மழைக்காலத்தில் அதுவும் கையோடு வந்துவிடும். சரியான முறை இது. முட்டுக் கொடுத்துவிட்டு, கம்பியின் பின்பக்கமும் முக்கால் அங்குலம் இடைவெளி தெரியும்வரை கொத்துங்கள். கம்பி பிரஷ்ஷால் பளபளவெனத் தேய்த்து, தடிமனை அளந்து பாருங்கள். 8 மில்லிமீட்டர் கம்பி 7 ஆகத் தேய்ந்திருந்தாலே குறுக்குப் பரப்பில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விட்டது. பக்கத்தில் புதுக்கம்பி வேண்டும். தேய்ந்த பகுதிக்கு இரு பக்கமும் நல்ல கம்பியோடு 16 அங்குலம் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு ஜிங்க் பிரைமர். அது காய்ந்தபின் எஸ்.பி.ஆர். லேட்டக்ஸ் (பழைய கான்கிரீட்டோடு புதுக்கலவையை ஒட்டவைக்கும் ரப்பர் பால்) 1, தண்ணீர் 1, சிமெண்ட் 3 என்று பாலாகக் கரைத்துப் பூசி, அது காய்வதற்குள் லேட்டக்ஸ் கலந்த 1:3 சிமெண்ட், மணல் கலவையை அரை அரை அங்குலமாக ஏற்றுங்கள். பால் காய்ந்தபின் கலவை வைத்தால் ஒட்டாது.

மேலே ஒழுகுவதை நிறுத்தாமல் கீழே செய்யும் எதுவும் வீண். பழைய சுருக்கி (மொட்டைமாடியில் போடும் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புத் தளம்) மேலேயே இன்னொரு சுருக்கி போடச் சொல்வார்கள், வேண்டாம். மூன்று அங்குலச் சுருக்கி ஆயிரம் சதுர அடிக்கு ஏறக்குறைய 12 டன் எடை. நைந்த தளத்தின் தலையில் இதையும் ஏற்றக் கூடாது. பழையது உதிர்ந்திருந்தால் பெயர்த்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். வாட்டம் 10 அடிக்கு 2 அங்குலம். மேலே பதித்த தட்டு ஓடு நன்றாக இருந்தால் இடுக்குகளை மட்டும் அடைத்து அக்ரிலிக் பூச்சு இரண்டு கோட் போதும். தண்ணீர் பெரும்பாலும் நடுத்தளத்தில் இறங்குவதில்லை. கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையிலும் மழைக்குழாய் வாயிலும்தான் இறங்கும். அங்கே நெட் துணி வைத்துப் பூசுங்கள். வேலை சித்திரை, வைகாசியில் முடியட்டும். ஈரத் தளத்தில் அடித்த பூச்சு கொப்புளித்து உரியும்.

சுவரடியில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால் பட்டி, டைல்ஸ் இரண்டும் கூடாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். மூன்றடி உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி, சில வாரம் உலரவிட்டு, சுண்ணாம்புக் காரை பூசுங்கள்.

ஒயரிங்கில் மட்டும் சிக்கனம் வேண்டாம். லைட்டுக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏ.சி., கீசருக்கு 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி, தனி எர்த், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவரில் காடி வெட்டாமல் வெளியே பைப்பில் ஓட்டினால் செலவு குறையும், பின்னால் கழற்றவும் வரும். தண்ணீர்க் குழாய்க்கும் இதே யோசனைதான். ஃபேன், இன்வெர்ட்டர், மோட்டார், தண்ணீர்த் தொட்டி எல்லாம் புது வீட்டுக்குக் கூடவே வரும், நல்லதாக வாங்குங்கள். கிரானைட் தரை, ஃபால்ஸ் சீலிங், சுவரோடு அடித்த அலமாரி எல்லாம் இடிக்கும்போது குப்பை.

கடன் வாங்கிச் செய்வதானால் ஒன்று: பழைய வரி முறையில், குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனின் வட்டிக்கு வருடம் 30,000 வரைதான் கழிவு, கட்டுவதற்கு 2 லட்சம்.

பிளான் அப்ரூவலுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் அதை மட்டும் இப்போதே மாற்றிவிடுங்கள். வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டிய வேலை, கொத்தனார் வந்து நிற்கும்போது ஆகாது.